ரோரியின் தாத்தாவும் எங்க பாட்டாவும்

நண்பர்களே, முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். இது சீரியல் விமர்சனம் கிடையாது. ‘கில்மோர் கேர்ள்ஸ்’ பார்க்காதவங்களும் தாராளமா படிக்கலாம். ஆனா ஃபைனல் இயர்ல இருந்துக்கிட்டு, ஆஃபர் லெட்டர் மெயில்ல வந்த பிறகும் வீட்டுல ஒரே ஒருத்தர்கிட்ட மட்டும் அதைப் பத்திப் பேசத் தயங்கிட்டு இருக்கீங்கன்னா, இதை நீங்க கட்டாயம் படிக்கணும். உங்களுக்காகத்தான் எழுதுறேன்.

இன்னொண்ணு. நான் எல்கேஜியில இருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல ரெண்டு பக்கத்துக்கு மேல எழுதுறது இந்த இதழுக்கு மட்டும்தான். அதனால பேசுற மாதிரியே எழுதுறேன். எங்க கன்னியாகுமரி மாவட்டத்துல தாத்தாவைப் பாட்டான்னுதான் கூப்பிடுவோம். அவர் என்னை ‘மக்ளே’ன்னு கூப்பிடுவார். இந்த ரெண்டு வார்த்தையும் கட்டுரை முழுக்க வரும், பழகிக்கோங்க.

முதல்ல கதையைச் சுருக்கமா சொல்லிடுறேன். ‘கில்மோர் கேர்ள்ஸ்’ அமெரிக்காவுல 2000 அக்டோபர்ல தொடங்கி 2007 மே வரைக்கும் ஓடின நாடகம். 7 சீசன், 153 எபிசோட். லொரலைங்கிற பணக்கார வீட்டுப் பொண்ணு 16 வயசுல குழந்தை பெத்துக்கிறா. அப்பா அம்மாவோட வீட்டை விட்டு வெளியேறி, ஒரு சின்ன ஊர்ல விடுதியில வேலை பார்த்து மகளை வளர்க்கிறா. அந்த மகள்தான் ரோரி. நல்லா படிக்கிற, எந்நேரமும் புத்தகத்தோட இருக்கிற பிள்ளை. அவளுக்கு ஒரு பெரிய பிரைவேட் ஸ்கூல்ல இடம் கிடைக்குது. ஃபீஸ் கட்ட அம்மாகிட்ட காசு இல்லை. வேற வழியில்லாம பெத்தவங்ககிட்ட கடன் கேட்கிறா. தர்றோம், ஆனா ஒவ்வொரு வெள்ளிக்கிழமை ராத்திரியும் இங்க வந்து சாப்பிடணும்னு அவங்க நிபந்தனை போடுறாங்க. நாடகமே அங்கிருந்துதான் தொடங்குது.

ரோரியோட தாத்தா பேர் ரிச்சர்ட். எட்வர்ட் ஹெர்மன்னு ஒரு நடிகர் அந்த வேஷத்துல வாழ்ந்திருப்பார். இன்சூரன்ஸ் கம்பெனியில பெரிய அதிகாரி, கழுத்துல போ டை, பேச்சுல கண்டிப்பு. படிச்சது யேல் பல்கலைக்கழகம். அந்த மனுஷன் தன் மகள்மேல வச்ச நம்பிக்கை எல்லாம் அவளோட 16 வயசுலயே முடிஞ்சுபோச்சு. பேத்தி வளர்ந்து முன்னாடி வந்து நிக்கிறப்போ, எடுத்து மடிச்சு வச்சிருந்த அந்த நம்பிக்கையை அப்படியே பிரிச்சு இவ மேல போர்த்திடுறார். அவளுக்குச் சின்ன வயசுல இருந்தே ஹார்வர்டு கனவு. இவர் ஊர் சுத்திப் பார்க்கப் போறோம்னு சொல்லி யேலுக்குக் கூட்டிட்டுப் போய், சொல்லாமலே ஒரு இன்டர்வியூவுக்கு ஏற்பாடு பண்ணி வச்சிருப்பார். அன்னைக்குப் பெரிய சண்டை நடக்கும். ஆனா கடைசியில அவளே யேலைத்தான் தேர்ந்தெடுக்கிறா.

மகளுக்கு வச்ச நம்பிக்கையைப் பேத்திக்கு மாத்துறது நமக்குப் புதுசு இல்லை. உங்க வீட்டுல யோசிச்சுப் பாருங்க. ‘உங்கப்பனைத்தான் டாக்டராக்க முடியல, நீயாவது’ன்னு ஆரம்பிக்கிற பேச்சைக் கேட்காத ஆள் நம்ம கிளாஸ்ல எத்தனை பேர் இருப்பாங்க?

நம்ம ஊர் சீரியல்லயும் பெரியவங்க நம்பிக்கை உண்டு. ஆனா அது பெரும்பாலும் கல்யாணத்துலதான் போய் நிக்கும். எங்க ஆச்சி இன்னைக்கும் ‘மெட்டி ஒலி’யைப் பத்திப் பேசுவாங்க. அஞ்சு பொண்ணுங்களையும் நல்ல இடத்துல கட்டிக்கொடுக்க ஓர் அப்பா படுற பாடுதான் அந்தக் கதை. ரிச்சர்ட் கதை வேற மாதிரி. அங்க பேத்திகிட்ட எதிர்பார்க்கிறது படிப்பு, தொழில், பேர். எங்க மாவட்டத்துக்கு இந்தக் கதைதான் இன்னும் பொருந்தும்னு எனக்குத் தோணுது. 2011 கணக்கெடுப்புல எங்க மாவட்டத்தோட எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதல் இடம். படிப்பை இவ்வளவு நம்புற ஊர்ல பேத்தியோட மார்க் ஷீட்டை நாலா மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டு டீக்கடைக்குப் போற பாட்டாக்கள் ஏராளம்.

இதுலயும் ஒரு வேடிக்கை இருக்கு. நாஞ்சில் நாட்டு வேளாளர்கள்கிட்ட ஒரு காலத்துல மருமக்கள்வழி முறை இருந்தது. சொத்து மகனுக்குப் போகாது, சகோதரி மகனுக்குத்தான் போகும். அந்த முறையால பெத்த பிள்ளைகளும் பொண்டாட்டியும் பட்ட அவதியைக் கிண்டலும் வேதனையுமா பாடினவர் எங்க தேரூர்ல பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’னு நூலுக்குப் பேர். 1926-ல திருவிதாங்கூர் அரசு சட்டம் போட்ட பிறகுதான் நிலைமை மாறினது. அதாவது 100 வருஷத்துக்கு முன்னால இங்க ஒரு தாத்தா தன் மகன் வழிப் பேத்திக்கு எதையாவது விட்டுட்டுப் போகணும்னா அதுக்கு வழியே சிரமம். இன்னைக்கு வழி திறந்து கிடக்கு. ஆனா எதை விட்டுட்டுப் போறதுங்கிறதுதான் கேள்வி.

சரி, கதைக்கு வருவோம். அஞ்சாவது சீசன் முடிவுல ரோரி ஒரு பத்திரிகை முதலாளிகிட்ட இன்டர்ன்ஷிப் பண்றா. அவர் அவளோட காதலனுக்கு அப்பா. ஒருநாள் அவர், உனக்கு இந்தத் தொழிலுக்கு வேண்டிய சரக்கு இல்லைன்னு முகத்துக்கு நேரா சொல்லிடுறார். அவ்வளவுதான், பிள்ளை நொறுங்கிப் போறா. காதலனோட சேர்ந்து யாரோ ஒருத்தரோட படகை எடுத்துட்டுப் போய் போலீஸ்ல மாட்டுறா. அப்புறம் யேலை விட்டுடுறா. அம்மா லொரலை பதறிப்போய் பெத்தவங்ககிட்ட ஓடுறா. நாம மூணு பேரும் ஒண்ணா நின்னா அவளைத் திரும்பக் காலேஜுக்கு அனுப்பிடலாம்னு கெஞ்சுறா. சரின்னு தலையாட்டின தாத்தா பாட்டி, பேத்தி வந்து அழுததும் மனசு மாறி, தங்களோட நீச்சல்குளத்துப் பக்கத்து வீட்டையே அவளுக்குக் கொடுத்துடுறாங்க. அவளோட 21-வது பிறந்தநாள் வர்றப்போ அவ காலேஜ்லயும் இல்லை, அம்மாகூடவும் இல்லை. பாட்டியோட மகளிர் சங்கத்துல டீ பார்ட்டி வேலை பார்த்துட்டு இருக்கா.

எனக்கும் இப்போ 21. ஸ்டடி ஹாலிடேஸ்ல வீட்டுல லேப்டாப்ல இந்த எபிசோடெல்லாம் பார்த்துட்டு இருந்தப்போ, பாட்டா பக்கத்துல நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நான் வசனத்தைத் தமிழ்ல சொல்லச் சொல்லக் கேட்பார்.

“இந்த மனுஷனுக்கு என்ன சோலி?”

“இன்சூரன்ஸ், பாட்டா.”

“எல்ஐசியா?”

“இல்ல, பிரைவேட்.”

“ம்ம். அதான் இவ்வளவு பெரிய வீடு.”

யேலுங்கிற பேர் எங்கிருந்து வந்ததுன்னு கேட்டார். அந்தக் கதை எனக்குத் தெரியும்ங்கிறதால கொஞ்சம் பெருமையாவே சொன்னேன். எலைஹு யேல்னு ஒரு ஆள் 1687-ல இருந்து 1692 வரைக்கும் நம்ம சென்னை ஜார்ஜ் கோட்டையில கிழக்கிந்தியக் கம்பெனி கவர்னரா இருந்தவர். இங்க சம்பாதிச்ச காசோடதான் இங்கிலாந்து போனார். அவர் காலத்துல இங்கிருந்து மனுஷங்களையே அடிமைகளா கப்பல்ல ஏத்தி அனுப்பின கதையும் உண்டு. 1718-ல அமெரிக்காவுல ஒரு சின்னக் கல்லூரிக்கு ஒன்பது பொதி சரக்கும், 417 புத்தகமும், ராஜா படம் ஒண்ணும் அனுப்பினார். சரக்கை வித்த காசுல கட்டடம் எழும்பினது, கல்லூரிக்கு அவர் பேரையே வச்சுட்டாங்க. அவரோட சின்ன மகனோட கல்லறை இன்னும் சென்னை ஐகோர்ட் பக்கத்துலதான் இருக்கு.

பாட்டா எல்லாத்தையும் கேட்டுட்டு, “அப்போ அந்தப் பிள்ள விட்டுட்டு வந்தது நம்ம காசுல கெட்டின காலேஜா? கொள்ளாம்” அப்படின்னார்.

ஆனா நீச்சல்குளத்து வீட்டுக் கதை ஓடினப்போ அவர் சிரிக்கவே இல்லை. அஞ்சாறு எபிசோட் கழிச்சு ரிச்சர்டுக்கு உண்மை உறைக்கும். பேத்தியைக் காப்பாத்துறோம்னு நினைச்சு, அவளைத் தன் மனைவி வாழ்ற அதே வாழ்க்கைக்குள்ள கொண்டுவந்து விட்டுட்டோம்னு தெரிஞ்சதும், தன் பெரிய மனுஷத்தனத்தை எல்லாம் இறக்கி வச்சுட்டு மகள்கிட்ட போய் நாங்க செஞ்சது தப்புன்னு ஒத்துக்குவார். அந்த இடத்துல பாட்டா சொன்னதை அப்படியே எழுதுறேன்.

“அவன் அந்தப் பிள்ளைக்குச் சோறு போட்டே கெடுத்துட்டான் மக்ளே. வீட்டக் குடுத்தான், எல்லாம் குடுத்தான். உள்ளுக்குள்ள கெடந்த சங்கடத்த மட்டும் சொல்லல்ல. அத மொதல்லயே சொல்லியிருக்கணும்.”

இதைக் கேட்டதும் எனக்கு லேப்டாப்பை மூடணும் போல இருந்தது. ஏன்னா அதே காரியத்தை அவர் என்கிட்ட ரெண்டு மாசமா செஞ்சுட்டு இருந்தார்.

இங்க என் கதையைக் கொஞ்சம் சொல்லணும். பாட்டா பொதுப்பணித் துறையில, பாசனப் பிரிவுல 36 வருஷம் வேலை பார்த்தவர். எங்க ஊருக்குத் தண்ணி வர்ற வழி உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, சொல்றேன். மேற்குத் தொடர்ச்சி மலையில கோதையாற்றுக்குக் குறுக்கே பேச்சிப்பாறை அணை. திருவிதாங்கூர் ராஜா மூலம் திருநாள் காலத்துல, மிஞ்சின்னு ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் பொறுப்புல கட்டி, 1906-ல முடிஞ்சது. அவர் கல்லறையும் அணைப் பக்கத்துலதான் இருக்கு. பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி. இந்த ரெண்டு நம்பரும் எங்க ஊர்ல சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஜூன் மாசம் கன்னிப்பூ சாகுபடிக்கு அணை திறப்பாங்க. தோவாளை, அனந்தனார், நாஞ்சில்நாட்டுப் புத்தனார்னு கால்வாய்கள் பிரிஞ்சு, அதுல இருந்து மடை மடையாப் பிரிஞ்சு, கடைசி வயல் வரைக்கும் தண்ணி போய்ச் சேரணும். அந்தக் கடைசி வயல் இருக்கிற இடத்துக்குப் பேர் கடைமடை.

எங்க மாவட்டம் தமிழ்நாட்டோட சேர்ந்த 1956 நவம்பர் 1 அன்னைக்குப் பாட்டாவுக்குப் பத்து வயசு. 1966-ல மாத்தூர் தொட்டிப்பாலம் எழும்பினப்போ இருபது. பறளியாற்றுக்கு மேல 115 அடி உயரத்துல ஒரு கால்வாய் நடந்து போறதைப் பார்த்துட்டு வந்த அன்னைக்கே, வேலைன்னா இதுதான்னு முடிவு பண்ணினாராம். ஆனா வீட்டு நிலைமைக்கு இன்ஜினியரிங் படிக்க முடியல. கீழ்நிலையில சேர்ந்தார், இன்ஜினியர்களுக்குப் பக்கத்துல சங்கிலி பிடிச்சார், ரிட்டயர் ஆனார். எங்க அப்பாவை இன்ஜினியராக்க ஆசைப்பட்டார். அப்பா ஹார்டுவேர் கடை வச்சார். அப்புறம் நான் பிறந்தேன்.

நான் சிவில் எடுத்தது பாட்டாவுக்காக மட்டும் இல்லை. எனக்கே பிடிச்சுத்தான் எடுத்தேன். ஆனா கவுன்சிலிங்ல சிவில் கிடைச்சதுன்னு சொன்ன அன்னைக்கு அவர் வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு சுசீந்திரம் கோயிலுக்குப் போயிட்டு வந்தார். அவர் மனசுல படம் ரொம்பத் தெளிவு. பேத்தி டிஎன்பிஎஸ்சி எழுதி உதவிப் பொறியாளரா வருவா, ஜீப்ல அணைக்குப் போவா, இவர் 36 வருஷம் வெளியே நின்ன அறைக்குள்ள இருக்கிற நாற்காலியில உட்காருவா.

எனக்குக் கிடைச்சது ஒரு ஐடி கம்பெனி. சாஃப்ட்வேர் டெஸ்டிங். நம்ம பேட்ச் சிவில்ல எத்தனை பேருக்குக் கோர் கம்பெனி வந்ததுன்னு உங்களுக்கே தெரியும். வீட்டுல படிப்புக் கடன் இருக்கு, தம்பி அடுத்த வருஷம் காலேஜ் சேரணும். ஆஃபரை ஏத்துக்கிட்டேன். இதை வேண்டாம்னு சொல்ற வசதி எனக்கு இல்லை, இப்பவும் ஏத்துக்கிட்டது சரின்னுதான் நினைக்கிறேன்.

பாட்டாகிட்ட சொன்னப்போ, “கொள்ளாம் மக்ளே. நல்லா இரு” அப்படின்னார். அவ்வளவுதான். மறுநாள்ல இருந்து ஒரு மாற்றம். காலையில பேப்பர்ல அணை நீர்மட்டத்தை எனக்குச் சத்தமா வாசிச்சுக் காட்டுறது அவர் பழக்கம். ஹாஸ்டல்ல இருந்தா ஃபோன்ல சொல்வார். அது நின்னுபோச்சு. திட்டல, கோபப்படல. என் லேப்டாப் பேக் கிழிஞ்சிருக்குன்னு பென்ஷன் காசுல புதுசு ஒண்ணு வாங்கித் தந்தார். ரிச்சர்ட் கொடுத்த நீச்சல்குளத்து வீடு மாதிரிதான் எனக்கு அந்த பேக்.

அதனால அன்னைக்கு எபிசோடை நிறுத்திட்டுக் கேட்டேன். “பாட்டா, ரிச்சர்டு சங்கடத்த சொல்லல்லன்னு சொன்னியளே. நீங்க எங்கிட்ட சொன்னியளா? ஏமாத்தமா இருக்கா ஒங்களுக்கு?”

ரொம்ப நேரம் பேசல. வெத்தலையை எடுத்தார், காம்பைக் கிள்ளினார், போடாம கையிலயே வச்சிருந்தார்.

“இருக்கு மக்ளே” அப்படின்னார். “ஆனா நீ நெனைக்குத காரணம் இல்ல. ஜீப்பும் நாற்காலியும் நான் நெறைய பாத்தாச்சு. எந்த ஷட்டர எத்தன இஞ்ச் தூக்கினா எத்தனாவது நாள் கடைமடையில தண்ணி நிக்கும்னு எனக்குத் தெரியும். எந்த எடத்துல கரை உள்வாங்கும், எங்க மண்ணு அடையும், எந்த மடைய ராத்திரி ஆளு தொறப்பான், எல்லாம் தெரியும். இது எந்த ஃபைல்லயும் கெடையாது. ஒங்க அப்பங்கிட்ட சொல்லிப் பாத்தேன், அவனுக்குக் கடை. ஒங்கிட்ட சொல்லலாம்னு வச்சிருந்தேன். நீ மெட்ராஸ் போயிட்டா நான் இத யாருகிட்ட சொல்லிட்டுப் போவ?”

நண்பர்களே, இந்த ஒரு பதிலுக்கு அப்புறம் எனக்கு அந்த நாடகமே வேற மாதிரி தெரிய ஆரம்பிச்சது. தாத்தாவோட ஆசையை நாம எப்பவும் ஒரு பதவியா மட்டும்தான் பார்க்கிறோம். டாக்டர், கலெக்டர், இன்ஜினியர். அந்தப் பதவி வரலைன்னா ஆசை தோத்துப்போச்சுன்னு கணக்கு எழுதிடுறோம். ஆனா அதுக்குள்ள ரெண்டு விஷயம் ஒட்டிக்கிட்டு இருக்கு. ஒண்ணு நாற்காலி. இன்னொண்ணு, கையில வச்சிருக்கிற பொருள், யாராவது வந்து வாங்கிக்க மாட்டாங்களான்னு காத்துக்கிட்டு இருக்கிறது. நாற்காலியை நாம வேண்டாம்னு சொல்லலாம், அது நம்ம உரிமை. ஆனா சொல்றப்போ அந்தப் பொருளையும் சேர்த்து வேண்டாம்னு சொன்ன மாதிரி அவங்களுக்குக் கேட்குது.

ரிச்சர்டும் ரோரியும் எதுல ஒட்டினாங்கன்னு திரும்பிப் பாருங்க. யேல் பேச்சு வர்றதுக்கு ரொம்ப முன்னாலயே, முதல் சீசன்ல, அவளைக் கோல்ஃப் விளையாடக் கூட்டிட்டுப் போறப்போ ரெண்டு பேரும் புத்தகத்தைப் பத்திப் பேசித்தான் நெருங்குவாங்க. அந்தப் பொருள் அன்னைக்கே கை மாறிடுச்சு. நடிகர் ஹெர்மன் 2014 டிசம்பர் 31-ல காலமானார். அதுக்கப்புறம் 2016 நவம்பர்ல நெட்ஃபிளிக்ஸ்ல நாலு பாகமா கதை தொடர்ந்தப்போ, ரிச்சர்டும் இறந்துட்டதாத்தான் காட்டுவாங்க. ரோரிக்கு அப்போ 32 வயசு. யேல் பட்டம் இருக்கு, நிலையான வேலை இல்லை, சொந்தமா வீடு இல்லை. தாத்தாவோட கணக்குப்படி பார்த்தா அவ தோத்தவதான். ஆனா அவ தன் புத்தகத்தை எழுத ஆரம்பிக்கிறது எங்க தெரியுமா? தாத்தாவோட படிப்பறையில, அவரோட மேஜையில உட்கார்ந்து. தாத்தா ஆசைப்பட்ட நாற்காலி அவளுக்கு வரல, மேஜை வந்தது.

எங்க வீட்டுல இப்போ என்ன நடக்குதுன்னா, ஊருக்கு வர்ற சனிக்கிழமை எல்லாம் காலையில ஆறு மணிக்குப் பாட்டாவும் நானும் ஸ்கூட்டியில கால்வாய்க் கரைக்குப் போறோம். அவருக்கு 78 வயசு, முட்டு வலி, அதனால கொஞ்ச தூரம்தான். ஒவ்வொரு மடையிலயும் நின்னு அவர் சொல்வார், நான் ஃபோன்ல இடத்தைக் குறிச்சுக்கிட்டு, குரலைப் பதிவு பண்ணிக்கிட்டு, நோட்டுலயும் எழுதுவேன். இதுவரைக்கும் 23 மடை முடிஞ்சிருக்கு. சர்வேயிங் லேப்ல நாம டோட்டல் ஸ்டேஷன் வச்சு எடுத்த லெவலை விட இது கஷ்டம். ஏன்னா பாட்டாவுக்கு வடக்கு தெற்கு கிடையாது, ‘தண்ணி போற கைக்கு வலத்தே’ன்னுதான் சொல்வார். ரெண்டு இடத்துல வீட்டு மனை போட்டு மடையையே மூடிட்டாங்க. அங்க வந்ததும் பேசாம நின்னுட்டு, “இதையும் எழுது. இங்க ஒண்ணு இருந்துது” அப்படின்னார்.

இதனால எல்லாம் சரியாயிடுச்சுன்னு நான் சொல்ல வரல. அவருக்கு இன்னும் ஏமாற்றம் இருக்கு. ஜாயினிங் தேதி வந்தா நான் போவேன். அங்க போனதுக்கு அப்புறம் டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பேனான்னு இப்போதைக்கு எனக்கே தெரியாது, அவருக்காக வாக்குக் கொடுக்கவும் இல்லை. ஆனா அணை நீர்மட்டம் திரும்ப ஃபோன்ல வர ஆரம்பிச்சிருக்கு. நேத்து 41 அடின்னு சொன்னார்.

அதனால ஆஃபர் லெட்டரோட உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு ஒரே ஒரு விஷயம். வீட்டுக்கு ஃபோன் பண்றப்போ ‘தாத்தா, சந்தோஷமா?’ன்னு மட்டும் கேட்காதீங்க. அதுக்கு ஆமான்னு தவிர வேற பதில் சொல்ல அவங்களால முடியாது. ‘ஏமாத்தமா இருக்கா?’ன்னு கேளுங்க. பதில் வர நேரமாகும், வைக்காம இருங்க. உங்க தாத்தா கையில இருக்கிறது நெசவா இருக்கலாம், வல்லம் கட்டுறதா இருக்கலாம், பழைய பத்திரம் வாசிக்கிறதா இருக்கலாம். கேட்டாத்தான் தெரியும்.

கடைசியா ஒண்ணு. நாங்க ஆறாவது சீசன் பாதியில நிக்கிறோம். “அந்தப் பிள்ள திரும்பிப் போய் பட்டம் வாங்குவாளா இல்லியா?”ன்னு பாட்டா தினமும் கேட்கிறார். இதைப் படிக்கிறவங்க யாராவது எங்க வீட்டுக்கு வந்தா, தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க.